வளைபரப்பும் வரைபலகையும்: பெங்களூர் விமானத் தொழிலில் மறைந்துபோன ஒரு கலை

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல வட்டெழுத்து, கல்வெட்டு என்று ஏதாவது எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். இந்த முறை வேறொரு துறையில் கால் வைக்கிறேன். நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. வரைதான். பொறியியல் பட்டம் ஏதும் கிடையாது. வந்தவாசிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் பெங்களூருக்கு வந்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மைசூர் ரோட்டில் மரமும் பிளைவுட்டும் விற்றுக்கொண்டிருப்பவன். அப்படிப்பட்டவன் கணினியில் வளைபரப்பு வரைவது பற்றி எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு, முதலில் ஒரு பழைய கடனைச் சொல்லிவிடுகிறேன்.

1991ஆம் ஆண்டு. ஏலத்தில் எடுத்ததாகச் சொல்லி ஒரு தரகர் ஒரு லாரி நிறையப் பழைய பிளைவுட் பலகைகளைக் கொண்டுவந்து இறக்கினார். நல்ல சரக்கு. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வளைவாக அறுக்கப்பட்டிருந்தது. மேலே பென்சில் கோடுகள், எண்கள், சின்னச் சின்னத் துளைகள். முழுப் பலகையாக விற்க முடியாது. இடத்தை அடைக்கிறதே என்று, கல்யாண சமையல் கான்ட்ராக்டர் ஒருவருக்கு விறகு விலையில் தள்ளிவிட்டேன். இரண்டே பலகைகள் சுவரில் சாய்ந்தபடி மிச்சம் இருந்தன.

இரண்டு நாள் கழித்து, தேக்கு ரீப்பர் வாங்க ஒரு பெரியவர் வந்தார். அல்சூர்க்காரர், விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த இரண்டு பலகைகளைப் பார்த்ததும் அருகில் போய் விளிம்பை விரலால் தடவினார். "மத்ததெல்லாம் எங்கே நயினாரே?" என்றார். அடுப்புக்குப் போய்விட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் அப்படியே மரக்கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். "நீங்க எரிச்சது பலகை இல்லே. ஒரு விமானத்தோட முதுகு" என்றார்.

அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. பிறகு 1998இல் அவர் காலமாகும் வரை, பல ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன். மீதியைப் புத்தகம் தேடிப் படித்தும், இயந்திர வடிவமைப்புத் துறையில் இருக்கும் என் மகனை நச்சரித்தும் தெரிந்துகொண்டேன்.

நேர்கோடு எளிது

ஒரு மேசை செய்ய வேண்டுமானால் நீளம், அகலம், உயரம் சொன்னால் போதும். ஒரு குழாய்க்கு விட்டமும் நீளமும் போதும். தச்சர் நம்மைத் திரும்பிக் கேட்க மாட்டார். ஆனால் ஒரு படகின் வயிற்றையோ, விமானத்தின் மூக்கையோ, அம்மன் சிலையின் தோளையோ எந்த அளவைச் சொல்லி விளக்குவது? அங்கே ஒவ்வொரு புள்ளியிலும் வளைவு மாறிக்கொண்டே போகிறது. எத்தனை அளவு சொன்னாலும், அந்த அளவுகளுக்கு நடுவே என்ன நடக்கிறது என்பது சொல்லப்படாமலே நிற்கும். சொல்லாமல் விட்ட அந்த இடத்தை யார் நிரப்புவது, எப்படி நிரப்புவது? வளைபரப்பின் வரலாறே இந்தக் கேள்விதான்.

நம் ஊர்ச் சிற்பிகள் இதற்குக் கண்ட வழி எல்லோரும் அறிந்ததே. சுவாமிமலையில் ஸ்தபதிகள் தென்னை ஓலைக் கீற்று ஒன்றைப் படிமத்தின் உயரத்துக்கு நறுக்கி, தாளக் கணக்குப்படி மடித்து மடித்துக் குறியிடுவார்கள். ஒடியோலை என்பது அதன் பெயர். முகம் எங்கே முடிகிறது, மார்பு எங்கே, கொப்பூழ் எங்கே, முழங்கால் எங்கே என்பதை ஓலை சொல்லிவிடும். அந்தக் குறிகளுக்கு இடையே மெழுகு எப்படிப் புரள வேண்டும் என்பதை ஓலை சொல்லாது. அது கையின் பொறுப்பு. புள்ளிகள் சாத்திரத்துக்கு, பரப்பு கைக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

கடலோரத்தில் இன்னொரு வழி இருந்தது. பாக் நீரிணைப் பகுதியில் கட்டப்படும் 'வத்தை' என்னும் மீன்பிடிப் படகுகளைச் சான் மெக்ரெய்ல் என்ற ஆங்கிலேய ஆய்வாளரும் அவர் குழுவினரும் ஆராய்ந்து 1990களின் இறுதியில் வெளியிட்டார்கள். இந்தப் படகுகளில் முதலில் பலகையைச் சேர்ப்பதில்லை. விலா எலும்பு போன்ற குறுக்குச் சட்டங்களை முதலில் நிறுத்தி, அதன்மேல்தான் பலகை போர்த்துகிறார்கள். ஒவ்வொரு சட்டத்தின் வளைவையும், கோடு கீறி வைத்த ஒரு பலகையிலிருந்து எடுக்கிறார்கள். இது இடைக்கால மத்தியதரைக் கடல் நாட்டுக் கப்பல் தச்சர்களின் முறையோடு ஒத்துப்போகிறது என்பது அவர்கள் கண்டது. போர்த்துக்கீசியர் வழியாக வந்திருக்கலாமோ என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. ஊகம்தான், வழக்குப் போட வேண்டாம்.

மேல்நாட்டில் கப்பல் பெரிதாகப் பெரிதாக, பலகையில் கோடு கீறுவது போதவில்லை. பட்டறையின் மேல்மாடித் தளம் முழுவதையும் வரைபலகையாக்கி, கப்பலை அதன் முழு அளவிலேயே வரைந்தார்கள். அந்த மாடிக்கு ஆங்கிலத்தில் லாஃப்ட் என்று பெயர். அதனால் அந்தத் தொழிலுக்கே லாஃப்டிங் என்று பெயர் வந்தது. கப்பலிலிருந்து அது விமானத்துக்குப் போனது. விமானத்தோடு பெங்களூருக்கு வந்தது.

பெங்களூரில் லாஃப்ட்

இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையை 1940 டிசம்பரில் இங்கே தொடங்கியவர் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் பங்கோடு. சோலாப்பூர்ச் சமணர். எங்களவர் என்பதற்காகச் சொல்லவில்லை; சரி, கொஞ்சம் அதற்காகவும்தான். அப்போது திவானாக இருந்த சர் மிர்ஸா இஸ்மாயிலின் ஆதரவு இல்லாவிட்டால் அது இந்த ஊருக்கு வந்தே இருக்காது. 1941இல் ஹார்லோ பயிற்சி விமானத்தைப் பூட்டிப் பறக்கவிட்டார்கள். 1942இல் நிர்வாகம் இந்திய அரசின் கைக்குப் போயிற்று. போர்க்காலத்தில் அமெரிக்க விமானப் படையின் பழுதுபார்க்கும் நிலையமாக இருந்தது. இவை தெரிந்த கதைகள், விரிவாக வேண்டாம்.

வெளிநாட்டு விமானத்தைப் பூட்டுவது வேறு, சொந்தமாக வடிவமைப்பது வேறு. பூட்டுவதற்கு வந்த வரைபடம் போதும். வடிவமைக்க வேண்டுமானால் முதல் வளைவை நாமே போட்டாக வேண்டும். ஜெர்மனியில் பிராண்ட்லிடம் பயின்ற வி.எம். காட்கே தலைமையில் உருவான எச்.டி.-2 பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டில் பறந்தது. அந்த ஐம்பதுகளில்தான் நம் பெரியவர் இளைஞராக வேலையில் சேர்ந்தார். அல்சூர், மர்ஃபி டவுன், முருகேஷ்பாளையம் பக்கத்திலிருந்து ஏராளமான தமிழர்கள் சைக்கிளில் தொழிற்சாலைக்குப் போன காலம். அவர்களில் ஃபிட்டர், டர்னர், ரிவெட் அடிப்பவர் என்று பலரை நாம் அறிவோம். லாஃப்ட்காரர் என்று ஒருவரை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

அவர் சொன்னது இது. தரையில் விரித்த பெரிய வெள்ளைப் பலகைகள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும், கோவிலுக்குள் போவதுபோல. பொறியாளர் தாளில் தருவது சில புள்ளிகளின் அளவு மட்டும். அவற்றைத் தரையில் முழு அளவில் குறித்து, நீளமான, மெல்லிய, கணு இல்லாத மரச்சட்டம் ஒன்றை அந்தப் புள்ளிகள் வழியாக வளைத்து வைப்பார்கள். அதற்கு ஸ்ப்லைன் என்று பெயர். சட்டம் நகராமல் இருக்க ஆங்காங்கே ஈயப் பாரங்கள். அந்தப் பாரத்துக்கு வெள்ளைக்காரர்கள் வாத்து என்று பெயர் வைத்திருந்தார்கள். பார்க்க உட்கார்ந்த வாத்து மாதிரியே இருக்கும். சட்டத்தை ஒட்டிப் பென்சிலால் கோடு இழுத்தால் அதுதான் விமானத்தின் வளைவு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மரச்சட்டத்தைச் சில இடங்களில் பிடித்துக்கொண்டால், மற்ற இடங்களில் அது தன் இஷ்டத்துக்கு வளைவதில்லை. தன் உடம்பில் திரிபு ஆகக் குறைவாக இருக்கும் வடிவத்தையே எடுத்துக்கொள்கிறது. எனவே உடைசல் இருக்காது, திடீர்த் திருப்பம் இருக்காது. புள்ளிகளுக்கு நடுவே சொல்லப்படாத இடத்தை மரமே நிரப்பிக் கொடுத்தது. 1946இல் ஷோன்பெர்க் என்ற கணித அறிஞர் இந்த வளைவுகளைச் சமன்பாட்டில் எழுதியபோது, அந்தத் தச்சுச் சொல்லையே எடுத்து ஸ்ப்லைன் என்று பெயரிட்டார். மர வியாபாரியான எனக்கு இதில் ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் ஒரு கோடு அழகாக வந்தால் போதாது. விமான உடலை மூன்று திசையில் வெட்டிப் பார்ப்பார்கள்: ரொட்டித் துண்டுபோலக் குறுக்காக ஒன்று, தரைக்கு இணையாக ஒன்று, நெடுக்காகச் செங்குத்தாக ஒன்று. ஒரு பார்வையில் உள்ள புள்ளி மற்ற இரண்டு பார்வையிலும் அதே இடத்தில் இருக்க வேண்டும். மூன்றிலும் கோடு வழவழப்பாக ஓட வேண்டும். ஒன்றில் திருத்தினால் மற்ற இரண்டும் கெடும். மறுபடி அங்கே திருத்த வேண்டும். பேரேடும் நாளேடும் ரொக்கமும் ஒத்துப்போகும் வரை இரவு விழித்திருக்கும் கணக்குப்பிள்ளை வேலைதான். எல்லாம் ஒத்துப்போனபின் கோட்டைப் பலகைக்கு மாற்றி அறுப்பார்கள். அந்த வார்ப்புப் பலகையைக் கொண்டுதான் கீழே பட்டறையில் எல்லாம் நடக்கும். நான் விறகு விலைக்கு விற்றது இதைத்தான்.

மருத்தின் இடை

கஸ்தூர்பா ரோட்டில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்துக்குக் குழந்தைகளை அழைத்துப் போகாத பெங்களூர்த் தமிழர் இருக்க மாட்டார். அங்கே வைத்திருக்கும் எச்.எஃப்.-24 மருத் விமானத்தை அடுத்த முறை பக்கவாட்டில் நின்று பாராமல், நீளவாக்கில் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். உடல் நேர்க்குழாயாக இல்லை. நடுவில் இடை சிறுத்திருக்கும்.

ஒலி வேகத்தை நெருங்கும்போது காற்றின் எதிர்ப்பு திடீரென்று ஏறுகிறது. மூக்கிலிருந்து வால் வரை விமானத்தின் மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கினால் அந்த எதிர்ப்பு குறையும் என்பதை 1952இல் அமெரிக்காவில் விட்கம்ப் கண்டார். இறக்கை தொடங்கும் இடத்தில் பரப்பு கூடுவதால், அந்த இடத்தில் உடலை ஒடுக்க வேண்டும். அதாவது, கண்ணுக்குத் தெரியாத ஒரு நிபந்தனை வளைவின்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. கோடு அழகாக இருக்க வேண்டும், மூன்று பார்வையிலும் ஒத்துப்போக வேண்டும், எஞ்சின் இரண்டும் உள்ளே அடங்க வேண்டும், அதற்கு மேல் பரப்புக் கணக்கும் சரியாக வர வேண்டும்.

இதை வடிவமைக்க 1956இல் பெங்களூர் வந்தவர் ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானத்தை உருவாக்கிய ஜெர்மானியர் குர்ட் டாங்க். அவர் குழுவினர் முதலில் முழு அளவில் மரத்தாலேயே எஞ்சின் இல்லாத ஒரு மருத்தைச் செய்து, 1959இல் இன்னொரு விமானத்தால் இழுத்துப் போய்ப் பறக்கவிட்டார்கள். ஐந்தாண்டுக்குள், 1961 ஜூன் 17 அன்று, சுரஞ்சன் தாஸ் உண்மையான மருத்தில் பறந்தார். மொத்தம் 147 விமானங்கள் கட்டப்பட்டன. 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் பணி செய்தன. 1990இல் ஓய்வு கொடுத்தார்கள். எஞ்சின் வலிமை போதாமல், எதிர்பார்த்த வேகத்தை அது எட்டவில்லை என்பது உண்மை. அதைச் சொல்லி மருத்தைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள், கணினி இல்லாத காலத்தில் வரைந்த அந்த உடலின் வளைவுகளையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

கோட்டிலிருந்து எண்ணுக்கு

மரச்சட்டத்தில் ஒரு குறை உண்டு. ஒருவர் இழுத்த கோட்டை இன்னொருவர் இன்னொரு ஊரில் அப்படியே இழுக்க முடியாது. பலகை எரிந்தால் வளைவும் எரிந்தது. அதை எண்ணாக எழுதி வைக்க முடியுமா?

இரண்டாம் உலகப் போரின்போது, மஸ்டாங் போர் விமானத்தைக் கட்டிய நார்த் அமெரிக்கன் நிறுவனத்தில் ராய் லைமிங் என்பவர் இதைச் செய்தார்; 1944இல் நூலாகவும் வெளியிட்டார். கூம்பை வெட்டினால் வரும் வளைவுகளை அவர் எடுத்துக்கொண்டார். அப்படிப்பட்ட ஒரு வளைவைத் தீர்மானிக்கச் சரியாக ஐந்து நிபந்தனைகள் வேண்டும். தொடங்கும் புள்ளி, அங்கே கிளம்பும் திசை, முடியும் புள்ளி, அங்கே சேரும் திசை, ஆக நான்கு. நடுவில் தோள் எவ்வளவு புடைக்க வேண்டும் என்பது ஐந்தாவது. நான்கு சொன்னால் எண்ணற்ற வளைவுகள் வரும், ஆறு சொன்னால் பெரும்பாலும் ஒன்றும் வராது. ஐந்து சொன்னால் ஒரே ஒரு வளைவு.

அடுத்த அடியை எடுத்தவர்கள் கார்க்காரர்கள். பிரான்சில் சித்ரோன் நிறுவனத்தில் தெ காஸ்தல்ஜோ 1959இல் ஒரு முறையைக் கண்டார். நிறுவனம் அதை ரகசியமாக வைத்துக்கொண்டது. ரெனோவில் பியேர் பெசியே தனியாக அதே இடத்துக்கு வந்து, வெளிப்படையாக எழுதினார். அதனால் பெயர் பெசியேக்குப் போயிற்று. வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. வளைவின்மேல் புள்ளி வைக்காமல், வளைவுக்கு வெளியே சில புள்ளிகளை நிறுத்தி, அவை காந்தம்போல இழுப்பதாக வைத்துக்கொள்வது இந்த முறை. புள்ளியை நகர்த்தினால் வளைவு மெதுவாகப் பின்னால் வரும். அமெரிக்காவில் ஸ்டீவன் கூன்ஸ், நான்கு ஓர வளைவுகளைக் கொடுத்தால் நடுப்பரப்பைத் தானே நிரப்பும் கணக்கைத் தந்தார்; நான்கு வளைந்த மூங்கிலில் பந்தல் துணியை இழுத்துக் கட்டுவதுபோல. 1970களில் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளின் வழியே இவை எல்லாம் ஒரே இலக்கணத்துக்குள் வந்தன. இன்றைய மென்பொருள்கள் பேசுவது அந்த மொழிதான். அவற்றில் புகழ்பெற்ற கட்டியா, 1977இல் பிரான்சின் தசோ விமான நிறுவனத்துக்குள்ளேயே பிறந்தது.

நிபந்தனை என்ற கருத்தும் தனியாக வளர்ந்தது. 1963இல் ஐவன் சதர்லேண்ட் செய்த ஸ்கெட்ச்பேட் என்ற நிரலில், கோணலாக ஒரு கட்டம் வரைந்துவிட்டு, இந்த இரண்டு கோடும் செங்குத்து என்று சொன்னால் கணினியே அதை நிமிர்த்தி வைக்கும். 1988இல் வந்த புரோ-எஞ்சினியர் இதைப் பட்டறைக்குக் கொண்டுவந்தது. ஓர் அளவை மாற்றினால் அதைச் சார்ந்த அத்தனையும் மாறும். வளைபரப்புகள் சேரும் இடத்தில் மூன்று தரமான நிபந்தனை உண்டு. ஒட்டினால் மட்டும் போதும் என்பது முதல் தரம். திசையும் ஒன்றாக வேண்டும் என்பது இரண்டாவது. வளைவின் அளவும் ஒன்றாக வேண்டும் என்பது மூன்றாவது. புதுக் கார் ஒன்றின் பானட்டில் டியூப்லைட்டின் பிம்பத்தைப் பாருங்கள். முதல் தரத்தில் பிம்பம் அறுபடும். இரண்டாம் தரத்தில் ஒடியும். மூன்றாம் தரத்தில்தான் ஓடும்.

துணி விரிக்கும் கணக்கு

1984இல் பெங்களூரில் ஏ.டி.ஏ. என்னும் விமான வளர்ச்சி முகமை அமைந்தது. கோட்டா ஹரிநாராயணா வழிநடத்திய இலகு ரகப் போர் விமானம் 2001 ஜனவரி 4 அன்று பறந்தது. 2003இல் தேஜஸ் என்று பெயர் பெற்றது. அதன் உடற்கட்டு எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு கார்பன் இழைக் கலவை. இழையைத் துணிபோல அடுக்கடுக்காக வளைந்த அச்சின்மேல் விரித்துச் சூட்டில் இறுக வைப்பார்கள்.

இங்கே ஒரு பழைய சிக்கல் எதிரே வந்து நின்றது. இரண்டு பக்கமும் வளைந்த பரப்பைக் கசங்காமல், கிழியாமல் தட்டையாக விரிக்க முடியாது என்பதை 1827இலேயே கவுஸ் நிறுவிவிட்டார். ரவிக்கை தைக்கும் எந்தத் தையல்காரருக்கும் கவுஸ் பெயர் தெரியாமலே இது தெரியும். அதற்குத்தான் மடித்துப் பிடிக்கிறார்கள். தட்டையான இழைத் துணியை எந்த வடிவில் வெட்டினால் வளைபரப்பில் சுருக்கமின்றிப் படியும், அப்போது இழைகள் எந்தத் திசையில் திரும்பும் என்பதைக் கணக்கிட ஏ.டி.ஏ. வினர் 'ஆட்டோலே' என்ற மென்பொருளைத் தாங்களே எழுதினார்கள். பிற்பாடு ஏர்பஸ் நிறுவனம் ஏ-380 விமானப் பணிக்காக அதை வாங்கியது. தேஜஸின் முதல் படையணி 2016இல் பெங்களூரில் தொடங்கி, 2018இல் கோவைக்குப் பக்கத்திலுள்ள சூலூருக்குப் போயிற்று.

பதினான்கு புள்ளிகள்

மிச்சமிருந்த இரண்டு பலகைகளை நான் விற்கவில்லை. பெரியவர் கடைசியாகக் கொடுத்த நான்கு ஈயப் பாரங்களும் ஒரு மரச்சட்டமும்கூட என்னிடம் இருக்கின்றன. போன தீபாவளி விடுமுறையில் மகனிடம், "இந்த வளைவை உன் மிஷின்ல போட்டுக் காட்டு பார்க்கலாம்" என்றேன். சுமார் நாலடி நீளப் பலகை. அவன் பொறுமையாகப் பதினான்கு இடங்களில் அளந்து, பதினான்கு புள்ளியையும் நிபந்தனையாகக் கொடுத்து வளைவு போட்டான். திரையில் பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. வளைவின் அளவைச் சீப்புப் பல்போல நீட்டிக் காட்டும் ஒரு வசதி அதில் உண்டாம். அதைப் போட்டதும், பற்கள் எல்லாம் அலை அலையாக ஏறி இறங்கின. ஒவ்வோர் அளவிலும் அரை மில்லிமீட்டர் பிழை இருந்தால்கூட, பதினான்குக்கும் கட்டுப்படும் வளைவு பிழைகளுக்கும் சேர்த்துக் கட்டுப்படுகிறது.

எனக்குப் பெரியவர் சொன்னது நினைவுக்கு வந்தது. "புதுசா வர்ற பையன் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பாரம் வைப்பான். வளைவு நெளியும். எதை எடுக்கலாம்னு தெரிஞ்சவன்தான் லாஃப்ட்காரன்." மகனிடம் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "எங்க சீனியரும் இதையேதான்பா சொல்வார்" என்றான். ஒவ்வொன்றாக எடுத்தான். இரண்டு முனை, அவற்றின் திசை, நடுவில் இரண்டே புள்ளிகள். சீப்பு ஒரே சீராக ஏறி இறங்கியது.

அதைத் தாளில் முழு அளவில் அச்சடித்துப் பலகையோடு ஒட்டிப் பார்த்தோம். ஒரு முனைக்குப் பக்கத்தில் ஒரு சாண் தூரம் மட்டும் நகக்கனம் இடைவெளி. கணினிதான் தப்பு என்றேன் நான். பலகைதான் தேய்ந்திருக்கிறது என்றான் அவன். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. விளிம்புக்கு உள்ளே, மங்கிப்போன பென்சில் கோடு ஒன்று. அந்த ஒரு சாண் தூரத்தில் அறுத்தவர் கோட்டுக்குச் சற்று வெளியே அறுத்திருக்கிறார். அச்சடித்த தாளைக் கோட்டின்மேல் வைத்தோம். முனையிலிருந்து முனைவரை ஒத்துப்போயிற்று.

கோட்டின்மேல் கை படாமல் பலகையைப் பழைய வேட்டியில் சுற்றி மறுபடி உள்ளே வைத்தோம். அலசூரில், விமானபுரத்தில், உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி வளைவாக அறுத்த பலகை ஏதாவது கிடந்தால், எடைக்குப் போடும் முன் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். விறகு விலையைவிடக் கூடவே தருகிறேன்.